புதுப் பேனையின் முதல் நாள்

புதிதாக ஓர் ஊற்றுப் பேனை கைக்கு வந்ததும் எவரும் முதலில் எழுதுவது தம் பெயரைத்தான். ஒரு முறை கையொப்பம் இடுவர். சிறிது சாய்த்துப் பிடித்து மறுமுறை இடுவர். தாளைத் திருப்பி மூன்றாம் முறையும் இடுவர். அதற்குள் தீர்ப்பும் பிறந்துவிடும். "வழுக்கிக்கொண்டு போகிறது" என்றோ, "தாளைக் கீறுகிறது" என்றோ, "மை விட்டுவிட்டு வருகிறது" என்றோ அருகில் நிற்பவரிடம் சொல்லிவிடுவர். ஆயின் பேனையின் குணம், மையின் குணம், தாளின் குணம், எழுதுபவருடைய கைப்பழக்கம் ஆகிய நான்கும் அந்த மூன்று கையொப்பங்களிலே கலந்து கிடக்கின்றன. குற்றம் எதனுடையது என்று பிரித்தறியாதவர் நல்ல பேனையொன்றை மேசை இலாச்சிக்குள் எறிந்துவிடக்கூடும். அதனினும் கேடாக, அழிந்துபோகும் மையைக் கொண்டு அழியக்கூடாத பத்திரத்தை எழுதிவிடவும் கூடும்.

முதல் நாட் கருத்தை எத்துணை அளந்து கூறலாம் என்பதற்கு 1935ஆம் ஆண்டிலே எழுதப்பட்ட சிறு கடிதம் ஒன்று சான்றாகும். ஆந்திர நாட்டிலே, கோதாவரிக் கரையிலுள்ள இராஜமுந்திரியில், கே. வி. ரத்னம் என்பவர் ஊற்றுப் பேனையை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அவர் செய்த பேனை ஒன்று, தஞ்சாவூரிற் பிறந்த தமிழரும் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளருமான ஜே. சி. குமரப்பாவின் வழியாகக் காந்தியடிகளைச் சென்றடைந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்திலே காந்தியடிகள் ரத்னத்துக்கு நன்றி தெரிவித்து எழுதினார். அப்பேனையைத் தாம் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைத்தெருவிற் காணப்படும் அந்நிய நாட்டுப் பேனைகளுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் குறிப்பிட்டார். சுதேசிப் பொருள் என்பதற்காக வானளாவப் புகழவில்லை. எழுதிப் பார்த்த பின்னரே கருத்துச் சொன்னார். அதனையும் 'தோன்றுகிறது' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். புதுப் பேனை வாங்குவோருக்கு இதனைவிடச் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது.

இந்த நிதானம் இன்று வன்னிப் பெருநிலத்தில் வாழும் ஒருவருக்கு எவ்வாறு பயன்படும்? பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுவீதியில் அமைந்த புதுக்குடியிருப்பை எடுத்துக்கொண்டால், ஏனைய ஊர்களிற் போலவே அங்கும் பாடசாலைப் பிள்ளைகளின் கையில் இருப்பது குமிழ்முனைப் பேனையே. ஊற்றுப் பேனை வருவது பெரும்பாலும் பரிசாகத்தான். கனடாவிலிருந்து வரும் மாமன் கொண்டுவந்து கொடுப்பார். ஓய்வுபெறும் ஆசிரியருக்குப் பழைய மாணவர் கூடி வாங்கிக் கொடுப்பர். அல்லது பாட்டனாரின் தகரப் பெட்டிக்குள்ளிருந்து, தங்கநிற மூடியிட்ட சீனத்து ஹீரோப் பேனை ஒன்று வெளிப்படும். எவ்வழியில் வந்தாலும், அதனை வாங்குகின்ற கை குமிழ்முனையிலே பழகிய கையாகும். முதல் நாளின் தொல்லைகளிற் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

குமிழ்முனைப் பேனையின் மை நீர் போன்றதன்று, பசை போன்றது. ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ 1938ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற அமைப்பிலே, முனையிலுள்ள சிறு குண்டு தாளின்மேல் உருண்டு அப்பசையைத் தடவிச் செல்லும். குண்டு உருள வேண்டுமாயின் அழுத்த வேண்டும். 1945ஆம் ஆண்டு நியூயோர்க் நகரக் கடையொன்றில் இவ்வகைப் பேனை முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அதன் விலை பன்னிரண்டரை டொலர். பின்னர் விலை விழுந்தது, உலகெங்கும் பரவியது, மனிதரின் கையையும் அழுத்தப் பழக்கிவிட்டது.

அழுத்தி எழுதுவது தமிழ்க் கைக்குப் புதிய பழக்கமன்று. பனை வளர்ந்த நாட்டிலே ஓலையும் எழுத்தாணியும் பல நூற்றாண்டுகள் ஆட்சி செய்தன. எழுத்தாணி மையைக் கக்குவதில்லை. ஓலையைக் கீறிச் செல்லும். பின்னர் கரியைப் பூசித் துடைத்தால் எழுத்து விளங்கும். ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியையும் இடாது விடுவது வழக்கம். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பழைய ஏடுகளைப் பதிப்பித்தபோது எது மெய், எது உயிர்மெய் என்று தடுமாற நேர்ந்ததற்கு இப்புள்ளியில்லா எழுத்தும் ஒரு காரணம். எழுத்தாணிக்கும் அழுத்தம் வேண்டும். குமிழ்முனைக்கும் அழுத்தம் வேண்டும். இவ்விரண்டின் ஆட்சிக் காலங்களுக்கும் நடுவே வந்த ஊற்றுப் பேனைக்கோ அழுத்தமே பகை. பேனையின் எடை மாத்திரம் போதும். கை அதனைத் தாங்கி வழிநடத்தினாற் போதும்.

இதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பிலே இருக்கிறது. பேனைமுள்ளின் நடுவே நூலிழை போன்ற பிளவொன்று உண்டு. முள்ளின் அடியிலே பொருந்தியுள்ள கருங்கட்டையில் மெல்லிய கால்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒடுங்கிய இடைவெளியிலே நீர் தானாக ஏறிச் செல்வதை விளக்குத் திரியிலே காண்கிறோம். அதே விதிப்படி மை கட்டையின் கால் வழியாக முள்ளின் பிளவுக்கு வந்து நிற்கும். முனை தாளைத் தொட்டதும் தாளின் நார்கள் அதனை ஈர்த்துக்கொள்ளும். வெளியேறிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே செல்ல வேண்டும். செல்லாவிடின் மை வராது. அளவுக்கு மிஞ்சிச் சென்றால் மை கொட்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்தியதே நியூயோர்க்கைச் சேர்ந்த லூயிஸ் வாட்டர்மன் 1884ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற கட்டையின் சிறப்பு. காப்புறுதி ஒப்பந்தம் ஒன்றின்மீது மை கொட்டியதனால் வியாபாரம் கைநழுவி, அந்தக் கோபத்திலே அவர் புதுப் பேனையைக் கண்டுபிடித்தார் என்ற கதை வெகுவாக வழங்குகிறது. கதை சுவையானதுதான், ஆயினும் அது விளம்பரத்தின் வழியாகப் பரவியதேயன்றி வேறு உறுதியான சான்று அதற்கில்லை.

இனி அழுத்துபவருக்கு என்ன நேர்கிறது என்பதைக் காணலாம். அழுத்தியவுடன் முள்ளின் இரு பாதிகளும் விலகும்; பிளவு அகலும்; மை ஏறிவரும் விசை குன்றும். கோடு தடித்து வந்து இடையிலே அறும். எழுதுபவர் மை வரவில்லையென்று இன்னும் அழுத்துவார். ஒரு கிழமை இவ்வாறு எழுதினால், மெல்லிய உருக்கு முள் விரிந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆகவே புதுப் பேனை மை தரவில்லையென்றால் முதலிற் செய்ய வேண்டியது கையைத் தளர்த்துவதே. அப்போதும் மை வரவில்லையாயின், தொழிற்சாலையின் எண்ணெய்ப் பசை கட்டையிலே தங்கியிருத்தல் கூடும். எண்ணெய் பட்ட இடத்தில் நீர் ஒட்டாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இளஞ்சூடான நீரிலே ஒரு துளி சவர்க்காரக் கரைசல் கலந்து, அதனைப் பேனைக்குள் ஐந்தாறு முறை இழுத்து வெளியேற்றி, பின்னர் தூய நீரால் அலசி உலரவிடல் வேண்டும். கொதிநீர் ஆகாது, இறப்பர்ப் பையையும் மூடியின் பூச்சையும் அது கெடுக்கும். பாட்டனாரின் பெட்டியிலிருந்து வந்த பேனைக்கு இவ்வலசல் இன்னும் அவசியம். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஊற்றிய மை அதன் கால்களிலே கல்லாகி இருக்கும். ஓரிரவு முழுவதும் நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

கீறுகின்ற முள்ளின் கதை வேறு. முள்ளின் நுனியிலே கடினமான உலோகக் கலவையாலான மணி ஒன்று பற்றவைக்கப்பட்டு, நடுவே பிளக்கப்பட்டிருக்கும். அவ்விரு பாதிகளும் ஒரே மட்டத்தில் இல்லையாயின், கோடு ஒரு திசையிற் செல்லும்போது மாத்திரம் கீறல் தெரியும். எதிர்த் திசையிலே வழுக்கும். உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால் ஒரு பாதி உயர்ந்தும் மறு பாதி தாழ்ந்தும் இருப்பது புலப்படும். உயர்ந்த பாதியை நகத்தால் மெல்ல அமர்த்தினாற் பெரும்பாலும் சரியாகும். சிலேற்றிலோ சீமெந்துத் தரையிலோ முள்ளைத் தேய்த்து 'மெருகிடும்' பழைய வழக்கம் ஒன்று உண்டு. அஃது அந்த மணியையே தேய்த்துவிடும் செயல். பேனையின் ஆயுளை ஒரே நாளிற் செலவழிக்கும் வித்தை அது.

தமிழ் எழுதுவோர் ஆங்கிலம் எழுதுவோரைவிட ஒருபடி கூடுதலாகக் கவனிக்க வேண்டியது முள்ளின் பருமன். ண, ணை, றை, ஞ, இ முதலிய எழுத்துகளிற் சுழிகள் நெருங்கி நிற்கும். ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர்க் கோடு இடுகின்ற நடுத்தர முள்ளால், அப்பியாசக் கொப்பியின் ஒடுங்கிய வரிகளுக்குள் 'கண்ணன்' என்று எழுதினால், சுழிகள் மையால் அடைபட்டுக் கறுப்புப் பொட்டுகளாகிவிடும். மேலே இடும் புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அரை மில்லிமீற்றரோ அதனினும் மெல்லிய கோடோ இடும் நுண்முள் தமிழுக்குத் தக்கது. சீன, ஜப்பானிய முள்கள் பொதுவாக மேல்நாட்டு முள்களினும் நுண்ணியவை. அவர்களுடைய எழுத்தும் நெருக்கமானதல்லவா? வெளிநாட்டிலிருந்து பேனை கொண்டுவர விரும்பும் உறவினரிடம் விலையைப் பற்றிப் பேசுவதைவிட, 'நுண்முள்ளாகப் பார்த்து வாங்குங்கள்' என்று சொல்லிவைப்பது பயன் தரும். பெயரை எழுதிப் பார்ப்பதற்குப் பதிலாக ஞ, ண, று, ணை எனும் எழுத்துகளைக் கொப்பியிலேயே எழுதிப் பார்த்தால், முள் தமிழுக்கு இசையுமா என்பது நிமிடத்திலே தெரிந்துவிடும்.

கொப்பியிலேயே என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. கடையிலே பேனையைச் சோதிக்கக் கொடுக்கப்படும் தாள் மழமழப்பானது. பாடசாலைக் கொப்பியின் தாளோ பெரும்பாலும் தளர்ந்த நார் கொண்டது. மாரி மழைக்காலத்திலே காற்றின் ஈரத்தை வாங்கிய அத்தாளில் கோட்டின் ஓரங்கள் வேர்விட்டாற்போலப் பரவும், மறுபக்கத்துக்கும் ஊறும். பேனையைக் குறைகூறிப் பயனில்லை.

வன்னியின் வெயில் முதல் வாரத்திலே காட்டும் வேறொரு வேடிக்கை, சட்டைப் பையிலே நீலக் கறை. இதனையும் கணக்கிட்டே காணலாம். பேனையிலுள்ள மை பெரிதும் செலவாகி, உள்ளே 1.2 மில்லிலீற்றர் காற்று நிற்கிறது என்று கொள்ளலாம். காலையில் 27 பாகையாக இருந்த வெப்பம், நெஞ்சோடு ஒட்டிய பையிலே 37 பாகையாக ஏறினால், காற்று தன் பருமனில் முப்பதில் ஒரு பங்கு விரியும். அஃது 0.04 மில்லிலீற்றர், ஏறக்குறைய ஒரு சிறு துளி. அந்தத் துளி எங்கே போகும்? முள் கீழ்நோக்கி இருப்பின் மூடிக்குள் இறங்கும். முள் மேல்நோக்கி இருப்பின் காற்று மாத்திரம் வெளியேறும், மை தங்கிவிடும். எனவே பேனையை முள் மேலாக வைத்தலும், மை பாதிக்குக் கீழ் வருமுன் மறுபடி நிரப்புதலும் போதிய காப்பாகும். நிறைந்த பேனைக்குள் விரிவதற்குக் காற்று குறைவு. உந்துருளியில் வெயிலிலே வெகுதூரம் வந்தவர், மூடியைத் திறக்கும்போதும் முள்ளை மேல்நோக்கிப் பிடித்துத் திறத்தல் நன்று.

இவை யாவும் பொறுமையாற் சரியாகும் தொல்லைகள். பொறுமையாற் சரியாகாதது ஒன்று உண்டு, அது மை.

புதுப் பேனையோடு பெரும்பாலும் வருவது ஒளிவீசும் நீல மை. முதல் நாளிலே அதனைப்போல் மனத்தைக் கவர்வது வேறில்லை. சீசாவின் மேல் 'கழுவக்கூடியது' என்று ஆங்கிலத்திலே அச்சிட்டிருப்பர். பிள்ளைகளின் சட்டையிற் பட்டாற் போய்விடும் என்ற நன்மைக்காகச் செய்யப்பட்ட மை அது. சட்டையிலிருந்து போவது போலவே தாளிலிருந்தும் போகும். அதன் நிறம் நீரிலே கரைந்த சாயம் மாத்திரமே. நார்களின் மேல் உலர்ந்து கிடக்கும் சாயம் மீண்டும் நீர் பட்டாற் கரையும். நெடுநாள் வெயில் பட்டால் வெளிறும்.

இது எங்குமுள்ளோர் அறிய வேண்டியதெனினும், புதுக்குடியிருப்பிலே இதற்கு வேறொரு கனம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் தாக்கியது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிலே போர் புதுக்குடியிருப்பின் ஊடாகவே சென்றது. மக்கள் வீடுகளை விட்டுக் கிழக்கே கடலோரத்துக்கு நகர்ந்தனர். பலர் நந்திக்கடல் நீரேரியின் நீருக்குள் இறங்கி நடந்தனர். கையிலே எடுத்துச் சென்றவற்றுள் பத்திரப் பையும் ஒன்று: பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, திருமணப் பதிவு, காணி உறுதி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். பின்னர் வவுனியாவின் மெனிக் முகாம் வாழ்வு. அம்முகாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலே மூடப்பட்டது. மீண்டவர்கள் தங்கள் காணி தங்களுடையதென்று காட்ட வேண்டியிருந்தது. பைகளை முற்றாக இழந்தோர் பலர். நனைந்த தாளைக் காத்துக்கொண்டோருக்கு, அச்செழுத்து நின்று கையெழுத்து கரைந்தால் அத்தாளாற் பயன் சிறிது. பெயரும் எல்லையும் திகதியும் பெரும்பாலும் கையாலல்லவோ நிரப்பப்பட்டிருக்கும்?

அழியா மை என்பது அரிய பொருளன்று. தமிழர் நெடுங்காலம் செய்துவந்ததே. கடுக்காயைக் காய்ச்சி எடுத்த துவர்நீரிலே அன்னபேதியைக் கலந்தால் மை பிறக்கும். மேல்நாட்டார் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்து முடிச்சுகளைக் கொண்டனர்; செய்முறை ஒன்றே. துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கலவை, எழுதும்போது வெளிறியே இருக்கும். தாளின் நார்களுக்குள் இறங்கிய பின்னர், காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, நீரிற் கரையாத கரும்பொருளாகிவிடும். எழுதும் வேளையிற் கண்ணுக்குத் தெரிவதற்காக அதனோடு நீலச் சாயம் சேர்த்தனர். அதுவே கருநீல மை. எழுதியபோது நீலமாகத் தோன்றிய வரி, சில நாட்களிலே கறுத்து வரும். முதல் நாளில் மங்கலாகத் தெரிவதும், ஒரு கிழமை கழிந்தபின் உறுதியாகத் தெரிவதும் இந்த மையின் இயல்பு. முதற் பார்வையிலே நீலச் சாய மையிடம் அது தோற்றுவிடும்.

ஆயினும் சீசாவின்மேல் கருநீலம் என்று எழுதியிருப்பதை மாத்திரம் நம்புதல் கூடாது. இக்காலத்துக் கருநீல மைகள் சிலவற்றில் இரும்பே இல்லை. வெறும் சாயமே உண்டு. சோதனை எளிது. வீட்டிலுள்ள தாளொன்றிலே, கிடைக்கின்ற மை ஒவ்வொன்றாலும் ஒவ்வொரு வரி எழுதுக. இரண்டு மூன்று நாட்கள் உலரவிட்டு, தாளை நெடுக்காகக் கிழித்து, ஒரு பாதியைக் குவளை நீரிலே சில மணி நேரம் இடுக. வெளியே எடுத்து உலர்த்தி, நனையாத பாதியோடு பக்கத்தில் வைத்தால், எந்த வரி நின்றது, எது போயிற்று என்பது கண்முன்னே தெரியும். மற்றொரு துண்டைப் புத்தகத்தின் கீழே பாதி மறைத்துச் சன்னலோரம் வெயிலிலே இரண்டு கிழமை வைத்தால், வெளிறுவதும் தெரிந்துவிடும். குமிழ்முனைப் பேனையாலும் ஒரு வரி எழுதிச் சேர்த்துக்கொள்வது நன்று; அதன் பசை மை நீருக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்பதை ஊற்றுப் பேனைப் பிரியர் சிறிது வருத்தத்தோடேனும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரும்பு கலந்த மையை நிரப்புவோர் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ள வேண்டும். அது சிறிது அமிலத் தன்மை உடையது. மலிவான உருக்கு முள்ளை நாளடைவில் அரிக்கும். மூடாது விட்டால் கட்டையிலே படியும். வேறு மை இருந்த பேனைக்குள் அப்படியே ஊற்றுதல் ஆகாது. இரண்டும் கூடித் திரளலாம். மாதத்துக்கு ஒரு முறையேனும் நீரால் அலசினால் பேனை பல்லாண்டு உழைக்கும். புகைக்கரி போன்ற நுண்துகள் கலந்த மைகளும் இன்று கிடைக்கின்றன. அவையும் நீருக்கு அழியா, ஆயின் பேனையிலே உலர்ந்துவிட்டால் நீக்குதல் கடினம். நாள்தோறும் எழுதாதவர் அவற்றை ஊற்றாதிருப்பதே நன்று.

பரிசாக வந்த பேனையோடு ஒளிநீல மையும் வந்திருந்தால் அதனை எறிய வேண்டியதில்லை. பிள்ளையின் கையைத் தளர்த்திப் பழக்குவதற்கும், கொப்பியிலே ண, று எழுதிப் பார்ப்பதற்கும், உறவினருக்கு நன்றிக் கடிதம் எழுதுவதற்கும் அது போதும். கச்சேரிக்குப் போகும் விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் மாத்திரம், சோதனைத் தாளிலே எந்த வரி நின்றதென்று பார்த்து, அந்த மையை ஊற்றிக்கொள்க.